பார்வை குறைந்த பிறகு வீடு, தெரு, வேலை: சென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நடுவயதிலோ அதற்குப் பிறகோ பார்வை போனவர்களும் அவர்கள் வீட்டாரும் என்னிடம் கேட்கிற கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பிறவியிலேயே பார்வை இல்லாதவர்களுக்குப் பள்ளியிலேயே பல விஷயங்கள் பழகிவிடும். ஐம்பது வயதில் ரிப்போர்ட்டைக் கையில் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிறவருக்குச் சொல்லித்தர ஆள் கிடைப்பது கஷ்டம். எனக்கு இருப்பது ஆர்.பி. எனப்படும் விழித்திரை நோய். முதலில் இரவுப் பார்வை போனது, அப்புறம் ஓரப் பார்வை. இப்போது வெளிச்சம் எந்தப் பக்கம் என்பது மட்டும் தெரிகிறது. குடியிருப்பது பெரம்பூரில்.

டாக்டர் "இனி செய்வதற்கு ஒன்றுமில்லை" என்றுவிட்டார். அடுத்து எங்கே போவது?

போன பார்வையை ஆபரேஷனாலோ மருந்தாலோ திருப்பித் தர முடியாது என்பதுதான் அதற்கு அர்த்தம். அதைக் கேட்டதும் பலர் ஆஸ்பத்திரிப் பக்கமே போவதில்லை. கிளாக்கோமா என்ற கண் அழுத்த நோய் இருப்பவர் சொட்டு மருந்தை நிறுத்திவிட்டால் மிச்சமிருக்கும் பார்வையும் போய்விடும். சர்க்கரையால் விழித்திரை கெட்டவருக்கும் இதே கதைதான். ஆகவே மருந்தையும் செக்கப்பையும் விடாதீர்கள்.

அடுத்து, "லோ விஷன் கிளினிக் எந்த மாடியில்?" என்று கேளுங்கள். பெரிய கண் ஆஸ்பத்திரிகளில் இது தனிப் பிரிவு. மிச்சமிருக்கும் பார்வையை எப்படிப் பயன்படுத்தலாம் என்று அங்கே பார்ப்பார்கள். உருப்பெருக்கிக் கண்ணாடி, கூச்சத்தைக் குறைக்கும் வண்ணக் கண்ணாடி, படிப்பதற்கேற்ற விளக்கு என்று ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டிச் சோதிப்பார்கள். இந்த ஊரில் கண் மருத்துவத்துக்குப் பஞ்சமில்லை. எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819-ல் தொடங்கியது; உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளில் ஒன்று. நுங்கம்பாக்கத்தில் சங்கர நேத்ராலயா, பூந்தமல்லி நெடுஞ்சாலையில் அரவிந்த் இருக்கின்றன.

மூன்றாவது, பயிற்சி. டேராடூனைத் தலைமையிடமாகக் கொண்ட பார்வைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனத்தின் மண்டல மையம் பூந்தமல்லியில் இருக்கிறது. நடமாட்டம், விரலால் தடவிப் படிக்கும் பிரெயில் எழுத்து, கணினி ஆகியவற்றுக்கு என்னென்ன பயிற்சி நடக்கிறது என்று அங்கே விசாரியுங்கள்.

இன்னும் கொஞ்சம் தெரிகிறது. இப்போதே ஸ்டிக் பிடிக்க வேண்டுமா?

ஆமாம். கொஞ்சம் தெரியும்போது கற்பதுதான் சுலபம். கோல் எதில் தட்டியது என்று குனிந்து பார்த்துச் சரிபார்த்துக்கொள்ளலாம். அந்த வசதி பிறகு இருக்காது.

தயக்கம் புரிகிறது. ஓரப் பார்வை போனவர் பேருந்தில் ஸ்டிக்கோடு ஏறி, சீட்டில் உட்கார்ந்து, போனைக் கண்ணருகே வைத்துப் படித்தால் "நடிக்கிறான்" என்று பேசுகிறார்கள். நடுப் பார்வை நேராக இருக்க, சுற்றிலும் ஒன்றும் தெரியாமல் இருக்கும் என்பது அவர்களுக்குத் தெரியாது. சட்டமே பார்வைக் கூர்மையையும் சுற்றிலும் தெரியும் பரப்பான பார்வைப் புலத்தையும் தனித்தனியாகச் சொல்கிறது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, கண்ணாடி போட்ட பிறகும் நல்ல கண்ணில் பார்வை 3/60-க்குக் கீழே (மற்றவர் 60 மீட்டரில் பார்ப்பதை 3 மீட்டரில்கூடப் பார்க்க முடியாமல்) இருந்தாலோ பார்வைப் புலம் 10 டிகிரிக்குக் குறைந்தாலோ பார்வையின்மை. அதற்கு மேலே, 6/18 வரை அல்லது 40 டிகிரிக்குள் இருந்தால் குறைபார்வை.

ஸ்டிக் உங்களுக்கு மட்டுமானதல்ல, எதிரே பைக்கில் வருகிறவருக்கும்தான். அதைப் பார்த்தால் அவர் கொஞ்சம் ஒதுங்குவார். ஒதுங்காதவர்களும் உண்டு, சென்னைதானே.

வீட்டில் என்னென்ன மாற்ற வேண்டும்?

மாற்றாமல் இருப்பதுதான் முக்கியம். எடுத்த பொருளை எடுத்த இடத்திலேயே வைப்பது என்பது வீட்டில் எல்லோருக்குமான சட்டம், பார்வை போனவருக்கு மட்டுமல்ல. சாவி, கண் மருந்து, கத்தரிக்கோல், சார்ஜர், நகவெட்டி: இவற்றுக்கு நிரந்தர இடம் வேண்டும். கதவு முழுக்கத் திறந்திருக்க வேண்டும், இல்லையென்றால் முழுக்க மூடியிருக்க வேண்டும். பாதி திறந்த கதவின் விளிம்புதான் நெற்றியைப் பதம் பார்க்கும். சமையலறை மேல் அலமாரிக் கதவும் அப்படியே. நாற்காலியை எழுந்ததும் மேசைக்குள் தள்ளிவிடுங்கள். நடைவழியில் செருப்பு, வாளி, குழந்தையின் சைக்கிள் கூடாது.

போகிக்கு வீட்டைச் சுத்தம் செய்து பீரோவை நகர்த்தினால் சொல்லிவிட்டு நகர்த்துங்கள். நகர்த்திய பிறகு கையைப் பிடித்துக்கொண்டு ஒருமுறை சுற்றிக் காட்டுங்கள்.

கொஞ்சம் பார்வை உள்ளவருக்கு வெளிச்சத்தைவிட நிற வேறுபாடு பெரிய உதவி. வெள்ளைச் சுவரில் வெள்ளை சுவிட்ச்போர்டு தெரியாது. சுற்றிலும் கறுப்பு டேப் ஒட்டினால் தெரியும். படிக்கட்டின் ஒவ்வொரு படி விளிம்பிலும் மஞ்சள் பெயின்ட் அடிக்கலாம். அபார்ட்மென்ட் படிக்கட்டென்றால் அசோசியேஷனில் கேளுங்கள், பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். விளக்கு முகத்துக்கு நேரே இல்லாமல் தோளுக்குப் பின்னாலிருந்து வரட்டும்.

சமையல் செய்ய முடியுமா? கேஸ் அடுப்பு பயமாக இருக்கிறதே?

முடியும். பயம் நியாயமானதுதான், அதனால்தான் ஒழுங்கு வேண்டும். முந்தானையை இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள், துப்பட்டாவைக் கழற்றி வைத்துவிடுங்கள். அடுப்பு அணைந்திருக்கும்போதே பாத்திரத்தை பர்னர் மேல் வைத்து, நடுவில் இருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டு அப்புறம் பற்ற வையுங்கள். ஆட்டோ இக்னிஷன் உள்ள அடுப்பு நல்லது. எரிகிறதா என்பதைக் காது சொல்லும். சிம்மில் வைத்தால் அந்த இரைச்சல் எப்படி மாறுகிறது என்று வெறும் அடுப்பிலேயே சில நாள் கேட்டுப் பழகுங்கள். பாத்திரத்தின் கைப்பிடி எப்போதும் ஒரே பக்கம் திரும்பியிருக்கட்டும்.

டப்பாக்களுக்கு ரப்பர் பேண்ட் போதும். துவரம்பருப்புக்கு ஒன்று, கடலைப்பருப்புக்கு இரண்டு. உளுந்தும் வெந்தயமும் கைக்கே தெரியும், பெருங்காயத்துக்கு அடையாளமே வேண்டாம். உப்புக்கும் சர்க்கரைக்கும் குழப்பம் வராமல் இருக்கக் கல் உப்புக்கு மாறிவிடுங்கள். எண்ணெயை பாட்டிலிலிருந்து ஊற்றினால் அளவு தெரியாது. அகலவாய்ப் பாத்திரத்தில் எண்ணெயை வைத்துக்கொண்டு சின்னக் குழிக்கரண்டியால் முகந்து விட்டால் ஒரு கரண்டி ஒரு கரண்டிதான்.

கடுகு வெடித்து ஓயும் சத்தம், வெங்காயம் வதங்கும்போது மாறும் வாசனை, தோசை வேக வேகக் குறையும் 'உஸ்' சத்தம், இதெல்லாம் முன்பும் காதிலும் மூக்கிலும் விழுந்துகொண்டுதான் இருந்தன, நாம் கவனித்ததில்லை. குக்கர் விசில் மட்டும் ஃபிளாட்டில் சிக்கல். பக்கத்து வீட்டு விசிலையும் சேர்த்து எண்ணிவிட்டு சாதம் வேகாமல் இறக்குவது இங்கே எல்லோருக்கும் நடந்திருக்கும். விசிலை எண்ணாமல், போனில் டைமர் வைத்துவிடுங்கள்.

காபியை டம்ளரில் ஊற்றும்போது டம்ளரை டபராவுக்குள் நிறுத்தி வைத்து ஊற்றுங்கள், சிந்தினால் டபராவோடு போகும். நிறைய நிறையச் சத்தத்தின் சுருதி ஏறும், அதுதான் கணக்கு. விளிம்பில் விரலை மடக்கி வைத்து அளவு பார்ப்பது பச்சைத் தண்ணீருக்கு மட்டும். சூடான திரவத்துக்கு, டம்ளர் விளிம்பில் மாட்டினால் பீப் அடிக்கும் சின்னக் கருவி கிடைக்கிறது.

மைக்ரோவேவ், வாஷிங் மெஷின், இண்டக்‌ஷன் அடுப்பு ஆகியவற்றின் தட்டைப் பொத்தான்களில் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டுங்கள். எல்லாப் பொத்தானிலும் ஒட்டாதீர்கள். ஸ்டார்ட், ஸ்டாப் இரண்டில் மட்டும். கல் வைத்த பொட்டு இன்னும் விசேஷம்.

சாப்பிடும்போது சிந்துகிறது. விருந்துக்குப் போகவே கூச்சமாக இருக்கிறது.

வெள்ளைத் தட்டில் தயிர்சாதம் குறைபார்வை உள்ளவருக்குக் கண்ணிலேயே படாது. எவர்சில்வர் தட்டு விளக்கு வெளிச்சத்தில் பளபளத்து இன்னும் தொல்லை. கரும்பச்சை, கருநீலத் தட்டுக்கு மாறினால் பாதிப் பிரச்சினை தீரும்.

கல்யாண வீட்டு வாழையிலை நமக்கு நல்லது. பச்சை மேல் வெள்ளைச் சோறு பளிச்சென்று தெரியும். ஒன்றுமே தெரியாதவருக்கும் இலையில் வரிசை முறை இருக்கிறது: இலை நுனி இடப்பக்கம், உப்பும் ஊறுகாயும் மேலே இடது ஓரத்தில், கூட்டு பொரியல் எல்லாம் மேல் பாதியில், சோறு கீழே. பக்கத்தில் உட்கார்ந்தவர் "அப்பளம் உங்களுக்கு வலது கை ஓரத்தில்" என்று சொன்னால் போதும். தட்டென்றால் கடிகார முள் கணக்கு: "பொரியல் மூணு மணியில, துவையல் பன்னண்டு மணியில." ரசத்தைத் தனிக் கிண்ணத்தில் கேட்டு வாங்குவதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

மாத்திரைகளை எப்படிப் பிரித்தறிவது?

காலை, மதியம், இரவு என்று அறை பிரித்த டப்பா. வாரம் ஒருநாள் பார்வையுள்ள ஒருவரோடு சேர்ந்து நிரப்புங்கள். இன்சுலின் பேனாவில் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 'டிக்' என்று கேட்கும் என்றாலும் அதை மட்டும் நம்பித் தனியாக ஆரம்பிக்க வேண்டாம். டாக்டரிடமோ நர்ஸிடமோ செய்து காட்டிய பிறகு செய்யுங்கள்.

அம்மாவுக்கு இல்லாத ஆட்களெல்லாம் தெரிகிறார்கள். புத்தி பேதலித்துவிட்டதா, வேறு ஏதாவதா?

வெளியே சொல்லப் பயந்து பலர் இதை மறைக்கிறார்கள். சொன்னால் வேப்பிலை அடிக்கக் கூட்டிப் போவார்கள் என்ற பயம், அல்லது மனநோய் என்று முத்திரை குத்துவார்கள் என்ற பயம்.

இதற்கு சார்லஸ் போனே நோய்க்குறி என்று பெயர். சார்லஸ் போனே சுவிட்சர்லாந்து அறிஞர். பார்வை மங்கிய தன் தாத்தாவுக்கு இல்லாத மனிதர்களும் பறவைகளும் கட்டடங்களும் தெரிந்ததை 1760-ல் எழுதி வைத்தார். கண்ணிலிருந்து தகவல் வருவது குறைந்ததும் மூளையின் பார்வைப் பகுதி சும்மா இருக்காமல் தானே படங்களை உண்டாக்குகிறது. கோலம் போன்ற வடிவங்கள், முகங்கள், குட்டி மனிதர்கள், ஊர்வலம் என்று எதுவும் வரலாம். படம் மட்டும்தான், பேசாது. பார்ப்பவருக்கும் அது நிஜமில்லை என்று பெரும்பாலும் தெரிந்திருக்கும். கண்ணை இடமும் வலமும் வேகமாக அசைத்தாலோ அறையின் வெளிச்சத்தை மாற்றினாலோ சிலருக்கு மறையும்.

குரலும் கேட்டால், அல்லது தெரிவதை அவர் நிஜமென்றே நம்பினால், அது வேறு விஷயம். உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். இல்லையென்றால் அம்மாவிடம் "இது கண்ணால வர்றதும்மா, உங்களுக்கு ஒண்ணும் ஆகல" என்று சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவர்கள் மாதக்கணக்கில் வாய் திறக்காமல் இருந்திருப்பார்கள்.

சென்னைத் தெருவில் தனியாக நடக்க முடியுமா?

பயிற்சி எடுத்தால் முடியும். பயிற்சி இல்லாமல் கடையில் ஸ்டிக் வாங்கி நேராகத் தெருவில் இறங்காதீர்கள். ஸ்டிக்கின் உயரம் தரையிலிருந்து உங்கள் நெஞ்செலும்பு வரை இருக்க வேண்டும். இடது கால் முன்னே போகும்போது ஸ்டிக் வலப்பக்கம் தட்டும், வலது கால் போகும்போது இடப்பக்கம். அடுத்த கால் வைக்கப் போகிற இடத்தை அது முன்கூட்டியே தொட்டுப் பார்த்துவிடும். கேட்கச் சுலபம், கைக்கு வர நாளாகும்.

பிளாட்பாரம் என்று ஒன்று இருந்தால் அதில் பைக் நிற்கும், டிரான்ஸ்ஃபார்மர் நிற்கும், இட்லிக் கடை நிற்கும். அதனால் நம்மில் பலர் சாலை ஓரத்தில், பிளாட்பார விளிம்பை ஸ்டிக்கால் தொட்டபடி நடக்கிறோம். பாடப்புத்தகம் இதை ஒப்புக்கொள்ளாது. ஆனால் மூடி இல்லாத மழைநீர்க் கால்வாயும் மெட்ரோ பணித் தடுப்புகளும் உள்ள தெருவில் வேறு வழி பல நேரம் இருப்பதில்லை. ஸ்டிக்குக்கு ஒரு குறை உண்டு, இடுப்புக்கு மேலே இருப்பதை அது சொல்லாது. லாரியின் பின்கதவு, சாய்ந்த போர்டு, தாழ்ந்த கேபிள் வயர் எல்லாம் முகத்தில்தான் தெரியும். ஐ.ஐ.டி. டெல்லி உருவாக்கிய ஸ்மார்ட்கேன் இதற்காகவே வந்தது. ஸ்டிக்கில் மாட்டினால் முழங்காலுக்கு மேல் தலை உயரம் வரை உள்ள தடைகளை அதிர்வால் சொல்லும். அது இல்லாதவருக்குத் தொப்பியின் முன்விளிம்பு ஓரளவு கை கொடுக்கும்.

வழியை வாசனையாலும் சத்தத்தாலும் மனப்பாடம் செய்யுங்கள். மாவு மில், பூக்கடை, டீக்கடை ஸ்டவ், கோயில் மணி. வடகிழக்குப் பருவமழை வந்தால் இந்த வரைபடம் மொத்தமும் அழியும். குடை மேல் விழும் மழைச் சத்தத்தில் வண்டி வருவது கேட்காது, தண்ணீருக்கடியில் பள்ளமும் தெரியாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை, தண்ணீர் தேங்கிய நாளில் தனியாகப் போவதைத் தவிருங்கள். மற்றவர்களும் அன்று தடுமாறித்தான் நடக்கிறார்கள்.

சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளிகளுக்கும் துணைக்கு வருபவருக்கும் 2021 முதல் டிக்கெட் கிடையாது. என்ன பஸ் என்பதை நிறுத்தத்தில் நிற்பவரிடம் கேளுங்கள், ஏறும்போது கண்டக்டரிடம் இன்னொரு முறை கேளுங்கள். மெட்ரோ நிலையங்களில் தரையில் புடைப்புக் கோடு பதித்த பாதை உண்டு, அறிவிப்பும் தெளிவு. நிலையத்துக்குள் நுழைந்ததும் ஊழியரிடம் சொன்னால் ரயிலில் ஏற்றிவிடுவார்கள். சிரமமெல்லாம் நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் ஆரம்பிக்கும்.

ரோட்டில் யாராவது கையைப் பிடித்து இழுத்தால் என்ன செய்வது?

நல்ல மனசுதான், ஆனால் ஸ்டிக் பிடித்த கையை இழுத்தால் நாம் விழுவோம். "சார், நீங்க பிடிக்க வேணாம், நான் உங்களைப் பிடிச்சுக்கறேன்" என்று சொல்லிவிட்டு அவர் முழங்கைக்குச் சற்று மேலே பிடியுங்கள், அரை அடி பின்னால் நடங்கள். அவர் உடம்பு ஏறுவதும் இறங்குவதும் உங்கள் கைக்குத் தெரியும். சில நேரம் கடக்க நினைக்காத சாலையையும் கடக்க வைத்துவிடுவார்கள். நன்றி சொல்லிவிட்டுத் திரும்பி வர வேண்டியதுதான்.

ஸ்மார்ட்போன் பயன்படுத்த முடியுமா?

புதிதாகப் பார்வை போனவர் முதலில் கற்க வேண்டியதே இதுதான் என்பேன். ஆண்ட்ராய்டில் டாக்பேக், ஐபோனில் வாய்ஸ்ஓவர். இரண்டும் போனிலேயே இருக்கின்றன, காசு கிடையாது. திரையில் விரல் வைத்தால் அங்கே இருப்பதைப் படிக்கும், இருமுறை தட்டினால் திறக்கும். முதல் வாரம் எரிச்சல் வரும். போனைத் தூக்கி எறியாமல், நாளும் கொஞ்ச நேரம் ஒரே வேலையை மட்டும் செய்து பாருங்கள்: ஒருவருக்கு போன் போடுவது, அவ்வளவுதான். தமிழ்க் குரலை நிறுவிக்கொண்டால் தமிழ்ச் செய்திகளையும் படிக்கும். உறவினர்கள் ஆங்கில எழுத்தில் தமிழை அடித்து அனுப்புவதைத்தான் எந்தக் குரலாலும் உருப்படியாகப் படிக்க முடியாது. "வாய்ஸ் மெசேஜ் போடுங்க" என்று சொல்லிவிடுங்கள். கணினிக்கு என்.வி.டி.ஏ. என்ற இலவச ஸ்கிரீன் ரீடர் (திரையில் இருப்பதைப் படித்துக் காட்டும் மென்பொருள்) இருக்கிறது.

இயர்போன் இல்லாமல் வெளியே போகாதீர்கள். ஓ.டி.பி. வந்தால் போன் அதையும் உரக்கப் படித்துவிடும், பஸ் முழுக்கக் கேட்கும்.

ரூபாய் நோட்டு, பேங்க் விவகாரங்கள்?

இப்போதைய 100, 200, 500 ரூபாய் நோட்டுகளின் அகலம் ஒன்று, நீளம் மட்டும் 142, 146, 150 மில்லிமீட்டர் என்று நாலு நாலாக ஏறுகிறது. தனியாக ஒரு நோட்டைக் கொடுத்தால் சொல்வது கடினம், இரண்டை ஒட்டி வைத்தால் விரலுக்குத் தெரியும். விளிம்பில் புடைப்புக் கோடுகளும் உண்டு: நூறுக்கு நான்கு, ஐந்நூறுக்கு ஐந்து. பழைய நோட்டில் அவை தேய்ந்திருக்கும். ரிசர்வ் வங்கி 2020 ஜனவரியில் வெளியிட்ட மணி என்ற செயலி, நோட்டைக் கேமராவில் காட்டினால் மதிப்பைச் சொல்லும், இன்டர்நெட் வேண்டாம். நான் செய்வது பழைய வழி: 500 மடிக்காமல், 200 குறுக்கே ஒரு மடிப்பு, 100 இரண்டு மடிப்பு.

எனக்குச் செக் புக் தர ஒரு வங்கிக் கிளை மறுத்தது. "கைநாட்டு வைங்க, கூட ஒருத்தரைக் கூட்டிட்டு வாங்க" என்றார்கள். பார்வையற்றவர்களுக்குச் செக் புக், ஏ.டி.எம். கார்டு, நெட் பேங்கிங், லாக்கர், கடன் எதையும் மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2008-லேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. அந்தச் சுற்றறிக்கையை போனில் சேமித்து வைத்துக்கொண்டு போங்கள், எழுத்து மூலம் பதில் கேளுங்கள். என் விஷயத்தில் எழுத்து மூலம் கேட்டதும் மேனேஜரின் தொனி மாறியது. கையெழுத்தையும் விட்டுவிடாதீர்கள். அட்டையில் கையெழுத்து அளவுக்கு ஒரு சதுரம் வெட்டி, காகிதத்தின் மேல் வைத்து அதற்குள் போட்டுப் பழகுங்கள்.

அடையாள அட்டை வாங்க வேண்டுமா? ஒரு கண் மட்டும் போனால் கிடைக்குமா?

வாங்குங்கள். சலுகைகள் எல்லாம் அந்த அட்டையில்தான் தொடங்குகின்றன. ஸ்வாவ்லம்பன் இணையதளத்தில் யு.டி.ஐ.டி. எனப்படும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பித்து, அரசு மருத்துவமனையில் சோதனைக்குப் போக வேண்டும். விண்ணப்பிக்கச் சிரமமென்றால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குப் போகலாம்.

பெரும்பாலான சலுகைகளுக்குக் குறைபாடு 40 சதவீதமாவது இருக்க வேண்டும். ஒரு கண் முழுக்கப் போய் மற்றது சரியாக இருந்தால் 30 சதவீதம் என்றே கணக்கிடுவார்கள். இதைத் தெரியாமல் அலைகிறவர்கள் நிறைய.

வேலையை விட்டுவிடச் சொல்கிறார்கள். விட வேண்டுமா?

அவசரப்பட்டு ராஜினாமா கடிதம் எழுதாதீர்கள். அரசுப் பணியில் இருக்கும்போது குறைபாடு வந்தால் வேலையை விட்டு நீக்கவோ பதவியைக் குறைக்கவோ கூடாது என்கிறது 2016 சட்டத்தின் 20-ஆம் பிரிவு. பழைய வேலை முடியாவிட்டால் அதே சம்பள விகிதத்தில் வேறு பணி தர வேண்டும். அதுவும் இல்லையென்றால் பொருத்தமான பணி கிடைக்கும் வரையோ ஓய்வு வயது வரையோ கூடுதல் பணியிடத்தில் வைத்திருக்க வேண்டும். தனியாரில் இந்த அளவு பாதுகாப்பு இல்லை. அங்கே ஸ்கிரீன் ரீடரோடு உங்கள் வேலையில் எவ்வளவு செய்ய முடியும் என்று செய்து காட்டிவிட்டுப் பேசுவதுதான் பலன் தரும். அதற்கு மூன்று மாதம் விடுப்பு எடுத்துப் பயிற்சிக்குப் போனாலும் தகும்.

பார்வையற்ற சென்னைப் பெண் பெனோ செஃபைன் 2015-ல் வெளியுறவுப் பணியில் சேர்ந்ததை எல்லோரும் உதாரணம் சொல்வார்கள். பெருமைதான். ஆனால் ஐம்பது வயது கணக்கருக்கு அந்தக் கதையைவிட, எக்செலை என்.வி.டி.ஏ.வோடு ஓட்டக் கற்றுத்தரும் ஒரு ஆள்தான் தேவை.

இந்த வயதில் பிரெயில் கற்க வேண்டுமா?

கட்டாயமில்லை. சர்க்கரையால் விரல் மரத்தவருக்குப் புள்ளி தெரியவே தெரியாது. லிஃப்ட் பொத்தான், மருந்து டப்பா லேபிள் அளவுக்குக் கற்றாலே லாபம். படிக்க ஆசை என்றால் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் பிரெயில் பிரிவு இருக்கிறது. சுகம்யா புஸ்தகாலயா என்ற இணைய நூலகத்தில் குரலில் கேட்கத்தக்க நூல்கள் கிடைக்கின்றன.

அப்பா தன் வேலையைத் தானே செய்கிறேன் என்கிறார். எங்களுக்குத்தான் மனசு கேட்கவில்லை.

பார்வை போனதால் முடங்கியவர்களைவிட, "நீங்க உட்காருங்க, நாங்க பார்த்துக்கறோம்" என்ற அன்பால் முடங்கியவர்களை நான் அதிகம் பார்த்திருக்கிறேன். முதல் மாதம் தண்ணீர் எடுத்துக் கொடுப்பீர்கள். ஆறாம் மாதம் அவருக்கு எழுந்து போகவே தோன்றாது. ஒரு வருஷத்தில் காலில் பலம் போய், நிஜமாகவே முடியாமல் போகும். இதற்குக் கண்ணின் மேல் பழி போடுவார்கள்.

அவர் சட்டைக்கு அவர் பொத்தான் போடட்டும், நேரமானால் ஆகட்டும். வழக்கமாகப் பால் வாங்கப் போனவர் என்றால், பயிற்சிக்குப் பின் அவரே போகட்டும். முதல் சில நாள் நீங்கள் சத்தம் காட்டாமல் பின்னால் போங்கள். வீட்டு வரவு செலவு அவர் பார்த்ததென்றால் பில்லைப் படித்துக் காட்டுங்கள், முடிவை அவரிடம் விடுங்கள். அறைக்குள் வந்தால் "நான்தாம்பா, கார்த்தி" என்று சொல்லிவிட்டு வாருங்கள். போகும்போதும் சொல்லிவிட்டுப் போங்கள், ஆளில்லாத நாற்காலியோடு பேசிக்கொண்டிருப்பது யாருக்கும் பிடிக்காது. விருந்தாளி வந்து "அவர் காபி சாப்பிடுவாரா?" என்று உங்களிடம் கேட்டால், "அப்பாகிட்டயே கேளுங்க" என்பதுதான் பதில்.

ஓட்டு போடும்போது துணைக்கு ஆள் வரலாமா?

வரலாம், 18 வயது நிரம்பியவராக இருக்க வேண்டும். ஒருவர் ஒரே ஒரு வாக்காளருக்குத்தான் துணை போக முடியும், அதனால் வீட்டில் இருவருக்குப் பார்வை இல்லையென்றால் இரண்டு பேர் வேண்டும். தனியாகப் போடவும் வழி உண்டு. இயந்திரத்தில் பொத்தான்களை ஒட்டிப் பிரெயில் எண்கள் இருக்கும். உங்கள் வேட்பாளர் எத்தனையாவது என்று முன்பே தெரிந்துகொண்டு போனால் மேலிருந்து எண்ணியும் அழுத்தலாம்.